அரண்மனையில் சாகக் கூடாதவள்

போன வெள்ளிக்கிழமை இங்கே துபாயில் சத்வாவுக்குப் போயிருந்தேன். தைக்கக் கொடுத்திருந்த யூனிஃபார்ம் இரண்டை வாங்க வேண்டியிருந்தது. நீ போன பிறகு அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை. தையல்காரர் மூன்று முறை போன் செய்த பிறகுதான் போனேன். பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பக்கத்திலிருக்கும் கொரியாக்காரியின் மளிகைக் கடைக் கதவை யாரோ திறந்தார்கள். உள்ளேயிருந்த ஏ.சி. குளிரோடு நெத்திலிக் கருவாட்டு வாசம் வந்து முகத்தில் அடித்தது. அந்த வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன்.

நீ முதல்முதலாக அந்தக் கடைக்குள் நுழைந்ததும் இந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு சின்னப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அல் குசைஸில் இருக்கும் என் ரூமுக்கு மூச்சு வாங்க வந்தாய். "எட்டி, கொரியாக்காரியளும் நம்மள மாதிரி நெத்திலி திம்பாளுவளாம். பாரு, தலைய கிள்ளாமலே காயப்போட்டிருக்கா" என்று சிரித்தாய். அன்றைக்கு அதை வறுத்து, பழைய சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். கூட இருக்கும் மலையாளி நர்ஸுகள் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திட்டினார்கள்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்கு எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்திருக்கிறேன். உன்னைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும். அதற்குத்தான் கை வராமல் இருந்தது.

பள்ளியில் நீதான் என்னைவிட நன்றாகப் படித்தாய். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் குரல் அவ்வளவு தெளிவு. நான் நர்ஸிங் சேர்ந்தேன். உனக்குப் பன்னிரண்டாவது முடிந்த கையோடு கல்யாணம் ஆயிற்று. உன் வீட்டுக்காரன் கேரளத்துக்குத் தொழிலுக்குப் போனான். அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டு வருடம் நீ காத்திருந்தாய். பிறகு ஒரு ஏஜென்ட் மூலமாகத் துபாய்க்குப் போனாய். வீட்டு வேலை விசா. ஜுமைராவில் பெரிய வில்லா, தமிழ்க் குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனாய். "ரெண்டு பேருக்கு என்னட்டி வேல இருக்கப் போவுது?" என்றாய்.

நான்கு வருடம் கழித்து நீ திரும்பி வந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. அந்தக் கட்டடத்தில் ஜவுளிக்கடை நடக்கிறது. காலை ஏழு மணிக்கு டியூட்டிக்குள் நுழைகிறேன், பிரசவ அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் நீ படுத்திருக்கிறாய். நீ ஊருக்கு வந்து ஐந்து மாதமாகிறது, டவுனிலேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாய் என்பதுகூட எனக்குத் தெரியாது. உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

"யாருக்க பிள்ளட்டி?" என்று உன் காதில் கேட்டேன்.

"அந்த வீட்டுப் பிள்ள" என்றாய்.

வலி விட்டு விட்டு வந்த இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். மேடத்துக்கு வயிற்றில் தங்கிய நான்கும் தங்காமல் போயின. அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் மேடம் சமையலறைக்கு வந்து, நீ காய் நறுக்கிக்கொண்டிருந்த பலகையைத் தள்ளி வைத்துவிட்டு உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு பெத்துக் கொடுப்பியா?" என்றாள். சார் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

"நீ என்ன சொன்ன?"

"கேட்ட மாதிரியும் இருந்துச்சு, சொன்ன மாதிரியும் இருந்துச்சு. கேட்டா முடியாதுன்னு சொல்லலாம். சொன்னா என்ன செய்ய? பாஸ்போர்ட் அவரு அலமாரியில இருக்கு." அப்புறம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "முழுசா அவங்க மேல போடாதட்டி. எனக்கும் ஒரு பிள்ள வேணும்னு இருந்துச்சு."

அட்மிஷன் படிவத்தில் பெயர் எழுத வேண்டியது நான். டாக்டரம்மா ஒரு துண்டுத் தாளை என் கையில் கொடுத்தார். அதில் மேடத்தின் பெயர், வயது, கணவர் பெயர், துபாய் விலாசம். மேடம் பக்கத்து அறையில் நோயாளி உடுப்பு போட்டுக்கொண்டு, மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டால் பார்க்கட்டும் என்று கட்டிலில் படுத்திருந்தாள். "எழுதுங்க சிஸ்டர், ஏன் நிக்கிறீங்க?" என்றார் டாக்டரம்மா. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன்.

"எழுதுட்டி. பேருதானே" என்றாய் நீ.

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதரை மணிக்கு அவன் பிறந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. துடைத்து, உன் மாரில் ஒரு நிமிடம் வைத்தேன். பிறகு துணியில் சுற்றிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனதும் நான்தான். மேடம் அவனை வாங்கிக்கொண்டு அழுத அழுகை பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழந்தையோடு உன்னையும் அவர்கள் திரும்பத் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. அல் குசைஸில் ஒரு கிளினிக். எக்ஸாம் எழுதித்தான் பாஸானேன். ஆனால் அந்த இன்டர்வியூவுக்கு என் பெயரைச் சொன்னவர் சார். எதற்காகச் சொன்னார் என்று அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லிக்காட்டியதில்லை. ஏர்போர்ட்டில் என்னைப் பார்க்க வர உனக்கு அனுமதி கிடைக்கவில்லை. டிரைவரிடம் ஒரு டிபன் பாக்ஸில் மீன் குழம்பும் சோறும் கொடுத்து அனுப்பியிருந்தாய்.

நான் வந்தபோது நீ அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஆறு மாதம் பால் கொடுத்திருந்தாய், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு நாள் மேடம் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இனிமே இது போதும்" என்றாள். அன்றிலிருந்து நீ பால் கட்டிப்போய்க் காய்ச்சலில் கிடந்ததை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாய். அவன் மேடத்தை மம்மி என்றான். உன்னை ஆன்ட்டி என்றான். நீ அவனைத் தம்பி என்று கூப்பிட்டாய். "தம்பி, சாப்பிட வாங்க. தம்பி, ஷூ போட்டுக்கோங்க." வேலைக்கு இருப்பவர்கள் பிள்ளையை வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு லீவு உனக்கு. கோயில் முடிந்து என் ரூமுக்கு வருவாய். அப்படி ஒரு நாள் வந்தபோதுதான் அந்தக் கொரியா சீரியலைப் பற்றி ஆரம்பித்தாய்.

மத்தியானம் மேடம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தமிழில் டப்பிங் செய்த ராஜா காலத்து சீரியல் பார்ப்பாள். நீ தரையில் உட்கார்ந்து துணி மடிப்பாய். அதில் ஒரு காட்சி. ராஜாவின் ஆசைநாயகி ஒருத்தி, பட்டத்து இளவரசனைப் பெற்றவள், அரண்மனை முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். ஏழு எட்டு வயதுப் பையன் நடந்து வருகிறான். அவளைத் தாண்டிப்போய் ராணியைப் பார்த்து அம்மா என்கிறான். பெற்றவள் அவனைப் பார்த்து, இளவரசே நலமா என்று கேட்கிறாள்.

"மேடம் என்ன செய்தா?" என்று கேட்டேன்.

"சேனல மாத்திட்டா. நான் அடுக்களையில போயி பைப்பத் திறந்துவிட்டுட்டு நின்னேன்" என்றாய்.

அதன் பிறகு உனக்கு வேறு நினைப்பே இல்லை. சத்வாவில் அந்தக் கருவாட்டுக் கடையை நீ கண்டுபிடித்ததும் அந்த மாதம்தான். கல்லாவில் இருக்கும் அம்மாளோடு நீ பாதி இங்கிலீஷும் பாதி ஹிந்தியுமாகப் பேசிப் பேசிச் சிநேகமாகிவிட்டாய். அவள் அவளுடைய ஊர் அரண்மனைக் கதைகளை உனக்குச் சொன்னாள். மற்றதை என் போனில் தேடிப் படிக்கச் சொல்வாய். நான் வாசிப்பேன், தமிழில் சொல்வேன். நீ கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோலக் கேட்பாய்.

சின்னப் பெண்களாக, நான்கு வயதிலும் எட்டு வயதிலும் அரண்மனை வேலைக்குக் கொண்டுபோவார்களாம். தைக்கவும் சமைக்கவும் துவைக்கவும் பழக்குவார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழிந்த பிறகு கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோல அலங்காரம் செய்து, கொண்டையை உயர்த்திக் கட்டி ஒரு சடங்கு நடத்துவார்கள். விருந்துகூட உண்டு. மாப்பிள்ளை மட்டும் இருக்கமாட்டான். அன்று முதல் அவள் ராஜாவின் பெண். ராஜா அவளை ஒரு நாள்கூட ஏறிட்டுப் பார்க்காமல் போகலாம். அவள் வேறு யாரையும் பார்க்கக் கூடாது.

"மாப்பிள்ள இல்லாத கல்யாணம்" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். "நல்லாத்தான் பேரு வச்சிருக்கா."

ராஜா கூப்பிட்டு, பிள்ளையும் பிறந்துவிட்டால் அவளுக்குப் பதவி உண்டு. அதில் பல படிகள். ஆண் பிள்ளை பிறந்தால் மேல்படி. அவளுக்குத் தனி வீடு, தனி வேலைக்காரிகள். எந்தப் படிக்கு ஏறினாலும் ராணிக்குக் கீழேதான். பிள்ளை அரசனாக வேண்டுமென்றால் ராணியின் பிள்ளையாக வேண்டும். ராஜா செத்தால் இவர்கள் அரண்மனையை விட்டுப் போய்விட வேண்டும்; ஒரு காலத்தில் மொட்டையடித்துச் சந்நியாச மடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். பிள்ளை ராஜாவாக ஆனாலும், ராஜவம்சத்துக் கோயிலில் பெற்றவளுக்கு இடமில்லை. வேறொரு இடத்தில் சின்னதாக ஒரு கோயில் கட்டிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஏழு பேருக்கு ஒரே இடத்தில் கோயில் இருக்கிறது என்று அந்தக் கடைக்கார அம்மாள் படம் காட்டியிருக்கிறாள்.

"அவளுவளுக்கப் பேரு என்ன?" என்று கேட்டாய்.

தேடினேன். பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர்தான் இருந்தது. சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பதவியும், இன்னாரைப் பெற்றவள் என்ற ஒரு வரியும்தான்.

நீ போனை வாங்கி அந்த ஒரு வரியை உற்றுப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "பேரு இல்லாட்டியும் பெத்தவன்னு ஒரு வரி இருக்குல்லா. எனக்க வரி எங்கட்டி?"

சொல்லிவிட்டு நீயே பதறிப்போய் என் கையைப் பிடித்தாய். "உன்னச் சொல்லல்ல" என்றாய். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றம் செய்தவளுக்கு வரும் கோபம். "எட்டி, அது ராஜா கத. உனக்கு என்னத்துக்கு அது? பன்னிரண்டு மணி நேர டியூட்டி பாத்துட்டு வந்திருக்கேன், நாலு நல்ல வார்த்த பேசு" என்று போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். நீ எழுந்து போய் எனக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் அந்தக் கதைகளைப் படிக்கச் சொல்லவே இல்லை. நானும் சனி ஒழிந்தது என்று இருந்துவிட்டேன்.

அவனுக்கு ஒன்பது வயதானபோது உன் வயிறு வீங்க ஆரம்பித்தது.

சாப்பிட முடியவில்லை, இரண்டு வாய்க்கே நிறைந்துவிடுகிறது என்றாய். கேஸ் என்று நீயே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். மேடத்துக்கு வேறு சந்தேகம். ஒரு நாள் காலையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து உன் பாத்ரூமில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நீ பார்த்து, இல்லை என்று காட்டும் அந்த அட்டையைக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தாய். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு "சரி" என்றாளாம். என்னிடம் அதைச் சொன்னபோது நீ அழவில்லை. "இந்த வயசுல, எட்டி" என்று மட்டும் சொன்னாய்.

நான்தான் என் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் அறையில் டாக்டரின் முகம் மாறியதை நீ பார்க்காமல் இருக்க, உன் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய். சூல்பையில் ஆரம்பித்து வயிறு முழுதும் பரவியிருந்தது. வயிற்றில் இருந்தது நீர்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சார்தான் சேர்த்தார், குறை சொல்ல முடியாது. நீரை எடுத்தார்கள், ஒரு மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் சார் எனக்குப் போன் செய்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஊருக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம் சிஸ்டர். டாக்டரும் பெருசா நம்பிக்கை சொல்லல. இங்க வீட்ல பையன் இருக்கான். நாளைக்கு வீட்ல வச்சு ஏதாவது ஆயிடுச்சுன்னா போலீஸ், பேப்பர்னு ஆயிரம் கேள்வி வரும். விசா கேன்சல் பண்ணிட்டு அனுப்பிடறதுதான் அவங்களுக்கும் நல்லது."

"சரி சார்" என்றேன்.

நீ கட்டிலில் உட்கார்ந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தாய். நான் உதவிக்கு வந்திருந்தேன். உன் அறை சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் எப்போதும் கேட்கும். மடித்த சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாய்.

"எட்டி, ஒண்ணு உனக்குச் சொல்லல்ல. அந்தக் கடக்காரி கடைசியா சொன்னது. அரண்மனையில யாரும் சாவக் கூடாதாம். ராஜா, ராணி, அவங்க பிள்ளையளு மட்டும்தான் அங்க கெடந்து சாவலாம். மத்தவளுவளுக்கு முடியாமப் போச்சுன்னா முன்னாடியே தூக்கி வெளிய கொண்டு போயிருவாங்களாம். பிள்ளையப் பெத்துக் குடுத்தவளா இருந்தாலும்." பிறகு சிரிக்கப் பார்த்தாய். "நான் ஃபிளைட்ல போறேன். அவளுவள பல்லக்குல தூக்கினாங்க."

அப்போதுதான் நான் சொன்னேன். இத்தனை வருடம் நெஞ்சில் அடக்கி வைத்திருந்ததை. "நான் சொல்லிடுகேன். அவன்ட்ட சொல்லிடுகேன். படிவத்துல எழுதினது நான்தான், எனக்குத் தெரியும், எங்க வேணும்னாலும் வந்து சொல்லுகேன். ஒரு டெஸ்ட் எடுத்தா போதும்."

நீ என் வாயைப் பொத்தினாய். உன் கையில் மருந்து வாசம்.

"சொன்னா அவனுக்கு என்னட்டி மிச்சம்? அம்மா போவா. அப்பன் ஜெயிலுக்குப் போவான். ஸ்கூலு போவும், பேரு போவும். எனக்கு ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அதுக்குள்ள அவன் எல்லாத்தையும் தொலச்சுட்டு, சாவப்போற ஒருத்தியக் கையில வச்சுக்கிட்டு நிக்கணுமா? வேண்டாம். நீ சொல்லக் கூடாது. எனக்கச் சத்தியம்."

சத்தியம் செய்தேன். இதை நான் உன்னிடம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: நீ வேண்டாம் என்றபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் வேலை, என் லைசென்ஸ், என் விசா எல்லாம் தப்பித்தன என்ற நிம்மதி. அது ஒரு நொடிதான். அந்த நொடியை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினாய்.

நீ கிளம்பும்போது அவன் ஹாலில் டேப்லெட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். மேடம் கூப்பிட்டதும் வந்தான். உன் மூக்கு அவனுக்கு. வளர வளர அது தெளிவாகத் தெரிந்தது. அந்த வீட்டில் அதை யாரும் பேசியதில்லை. எப்போது திரும்பி வருவீர்கள் ஆன்ட்டி என்று இங்கிலீஷில் கேட்டான். நீ குனிய முடியாமல் குனிந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாய்.

"தம்பி நல்லாப் படிங்க. மம்மி சொல்றதக் கேளுங்க. பால குடிச்சிருங்க, சிங்குல ஊத்தக் கூடாது" என்றாய்.

அவன் கூச்சத்தோடு சிரித்தான். உன்னைக் கட்டிப்பிடித்தான். உன் வயிற்றில் அவன் தலை முட்டியது. உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அசையவில்லை. மேடம் பார்வையைத் திருப்பி, வாசலில் நின்ற டிரைவரிடம் பெட்டியைப் பற்றிப் பேசினாள்.

ஊரில் உன் அண்ணன் வீட்டில் ஐந்து வாரம் இருந்தாய். அண்ணி நன்றாகப் பார்த்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் என் பிரேக்கில் போன் செய்வேன். நாளுக்கு நாள் உன் குரல் தேய்ந்தது. கோயிலில் வாசகம் படித்த குரல், கடைசியில் அண்ணி காதை வைத்துக் கேட்டு எனக்குத் திருப்பிச் சொல்லும்படி ஆனது. நான்காவது வாரம் நீயே போனை வாங்கினாய்.

"ஒரு தடவ அவன் சத்தத்தக் கேக்க முடியுமாட்டி?" என்றாய். வேறு எதையும் நீ என்னிடம் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் வில்லாவுக்குப் போனேன். மேடம் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசல் படியிலேயே நின்று பேசினோம். உள்ளே அவன் யாரோடோ கேம் விளையாடிக் கத்திக்கொண்டிருந்தான்.

"ரெண்டே நிமிஷம் மேடம். வீடியோ வேண்டாம். குரல் மட்டும்."

"அவனுக்கு எக்ஸாம் நடக்குது சிஸ்டர்."

"அவளுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இருக்காது."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். "அவ வாய்ல இருந்து என்ன வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? வலில இருக்கறவ. ஒரு வார்த்தை வந்துட்டா?" என்றாள். பிறகு சட்டென்று குரல் உடைந்தது. "நீங்க எல்லாரும் என்னை என்னன்னு நினைக்கிறீங்கன்னு தெரியும். இத்தனை வருஷமா அவன் என்னை மம்மின்னு கூப்பிடறப்பல்லாம் அவ சமையல்கட்டுல இருக்காளான்னு திரும்பிப் பார்த்துட்டுத்தான் 'என்னடா'ன்னு கேட்டிருக்கேன். ஒரு நாள் நான் நிம்மதியா அம்மாவா இருந்ததில்ல."

அவளை வெறுக்க வேண்டும் என்றுதான் நான் போயிருந்தேன். அதுகூட முழுதாக முடியவில்லை.

உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்துத் தன் போனிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். ஆறு நொடி. கெட் வெல் சூன் ஆன்ட்டி, வீ மிஸ் யூ. பின்னால் அவள் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பது கேட்கிறது. ஆன்ட்டி என்பதை மட்டும் அவன் சொல்லிக்கொடுக்காமலே சொல்கிறான்.

அதை உனக்கு அனுப்பினேன். அண்ணி பிறகு சொன்னாள், போனைத் தலையணையில் காதோரம் வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாயாம். சார்ஜ் தீரத் தீர அவள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். முதலாளி வீட்டுப் பிள்ளை மேல் இவ்வளவு பாசமா என்று பார்க்க வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். ஐந்தாவது நாள் நீ போய்விட்டாய்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தை அண்ணன் மகள் வீடியோவில் காட்டினாள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் கோயில் உபதேசியார் பங்குப் புத்தகத்தில் எழுத விவரம் கேட்டார். வயது சொன்னார்கள். கணவர் பெயர் சொன்னார்கள். "பிள்ளையளு?" என்றார் அவர். "பிள்ள ஒண்ணும் இல்ல" என்றான் உன் அண்ணன். அவன் அறிந்தது அவ்வளவுதான். நான் கிளினிக்கில் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அங்கே எல்லோருக்கும் கேட்கும்படி போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் கேட்டிருக்கும். திறக்கவில்லை. அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னை ஊசி போடக் கூப்பிட்டார்கள், போனேன்.

உன் பத்து வருடத்துக்கு நியாயம் கிடைக்கும், காலம் ஆற்றும் என்றெல்லாம் உனக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. எதுவும் ஆறவில்லை. அந்த வீட்டில் உன் அறையில் இப்போது ஒரு நேபாளப் பெண் இருக்கிறாள். அவர்கள் எல்லோரும் அடுத்த வருடம் கனடாவுக்குப் போகிறார்கள் என்று டிரைவர் சொன்னார். அவர்கள் போன பிறகு இந்த ஊரில் உன்னை அறிந்தவர்கள் நானும் ஒரு மளிகைக் கடைக்காரியும்தான். அவளுக்கு உன் பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராது.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன்னிடம் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் போல.

போன மாதக் கடைசியில், மத்தியான பிரேக்கில், தெரியாத எண்ணிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. அவன். புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மம்மியின் போனிலிருந்து என் எண்ணை எடுத்திருக்கிறான். இங்கிலீஷில் எழுதியிருந்தான். ஆன்ட்டிக்கு நீங்கள்தானே ஃபிரண்ட், எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆன்ட்டி ஒரு கஞ்சி வைப்பார்கள், அதில் என்ன போடுவார்கள், புது ஆன்ட்டிக்குத் தெரியவில்லை என்று கேட்டிருந்தான். நொய்யரிசி, சிறுபயறு, இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் என்று எழுதி அனுப்பினேன். நன்றி என்றான். ஒரு சிரிக்கும் முகம் போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

ஆன்ட்டிக்குப் பிள்ளைகள் இருந்தார்களா?

வெறுமனே கேட்டானா, கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டானா, தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளை. எது வேண்டுமானாலும் இருக்கலாம். உண்டு என்று எழுத உன்னிடம் செய்த சத்தியம் விடவில்லை. இல்லை என்று எழுதுவதற்கு எத்தனையோ முறை விரலைக் கொண்டுபோனேன். ஒரு முறை படிவத்தில் எழுதினேன், ஒரு முறை வாய் மூடி நின்றேன். மூன்றாவது முறையும் அதைச் செய்ய, அதுவும் அவனிடமே செய்ய, எனக்குக் கை எழவில்லை.

நான் படித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதினெட்டு நாளாகிறது. யூனிஃபார்ம் பையில் போன் அசையும்போதெல்லாம் அவன்தானோ என்று எடுத்துப் பார்க்கிறேன். அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்டதை அழிக்கவும் இல்லை.